தலைக்கு மேல் போன கப்பல்

மூன்று வருடங்களுக்கு முன் சனிக்கிரகத்துக்குக் கப்பலில் கிளம்பிய பிரிசில்லா, "இருபதாம் தேதி பூமிப் பக்கம் வாரேன்ப்பா" என்று செய்தி அனுப்பியிருந்தாள். தூத்துக்குடியில் அவள் அப்பா லூர்தையா அவளுடைய அறைக்கு வெள்ளையடித்து, சீலா மீனும் வாங்கி வைத்தார்.

இருபதாம் தேதி காலை அவள் அழைத்தாள். தூரத்தால் வழக்கமாக அரைமணி கழித்து வரும் பதில் உடனுக்குடன் வந்ததில், இருவரும் ஒரே நேரத்தில் பேசித் தடுமாறினார்கள்.

"எங்க மக்கா எறங்குத?"

"எறங்கலப்பா. பூமியோட இழுப்புல வளைஞ்சு, இன்னும் வேகமாச் சனிக்குப் போயிருவோம். அதுக்குத்தான் இங்க வாரோம்."

"இழுத்தா கீழதான வரணும்?"

"எங்க வேகத்துக்கு விழ மாட்டோம்ப்பா. பூமி எங்களச் சுழட்டி வீசிரும்."

லூர்தையாவுக்கு விளங்கவில்லை. அறுநூறு கிலோமீட்டர் உயரத்தில்தான் போகிறோம் என்றாள். அது சென்னைக்குப் போகிற தூரம்.

"கொஞ்சம் மெதுவா வரக்கூடாதா?"

"நிறுத்த எரிபொருள் கெடையாதுப்பா. மாடிக்கு வாங்க. இப்ப உங்க தலைக்கு மேலதான்."

அவர் ஓடினார். வெயிலில் வானம் வெறுமையாக இருந்தது.

"எந்தப் பக்கம் மக்கா?"

"தாண்டிட்டோம்ப்பா."

எந்தப் பக்கம் தாண்டினாள் என்று தெரியாமல், லூர்தையா நாலு திசைக்கும் கையசைத்தார்.