உச்சியில் ஒரு முடிச்சு

இன்றும் மரத்தின் உச்சி அலங்கோலமாகக் கிடந்தது.

"பாரு மார்லீன், நீயே பாரு. சடை பின்னின மாதிரி அழகா ஏத்தி விட்டோம். இப்ப நரிகிட்டேருந்து தப்பிச்ச கோழி மாதிரி நிக்குது."

நோலா பிரிதம் இடுப்பில் கைவைத்தபடி அண்ணாந்து பார்த்தார். கூம்பாக வளைத்த கம்பிவலையின்மேல், கட்டைவிரல் பருமனுள்ள பச்சைக் கம்பளி நூலைச் சுற்றிச் சுற்றி எழுப்பிய கிறிஸ்துமஸ் மரம் அது. கிறிஸ்துமஸ் நடுக்கோடையில் வரும் அந்த ஊரில், அதற்கு முந்தைய குளிர்காலம் முழுவதும் பின்னல் குழுவின் பெண்கள் ஊசியே இல்லாமல், வெறுங்கைகளால் பின்னியது. சனிக்கிழமை மாலை ஊர் மன்றத்தின் வாசலில் அதற்கு விளக்கேற்ற வேண்டும்.

"பிச்சதோட விட்டானா? திரும்பவும் கட்டி வேற வச்சிருக்கான். அது என்ன முடிச்சு தெரியுமா? வேலிக் கம்பிக்குப் போடற முடிச்சு. அதைக் கொண்டுவந்து கம்பளியில போடற ஆள் இந்த ஊர்ல ஒருத்தன்தான்."

"டெஸ்ஸா?"

"வேற யாரு? அவ்வளவு உசர ஏணியும் அவன்கிட்டதான் இருக்கு."

நகரசபை ஊழியரான மார்லீன், மன்றத்தின் கதவில் ஓர் அறிவிப்பை ஒட்டிக்கொண்டிருந்தாள். 'பறவைகளுக்குத் தீனி போடாதீர்கள். மீறினால் அபராதம்.'

"இது எதுக்கு இப்ப?" என்றார் நோலா.

"யாரோ தினமும் போட்டுப் பழக்கிட்டாங்க. ஆள் மட்டும் கையில சிக்கட்டும்."

"ஆமா, சிக்கட்டும்," என்று கூறிய நோலா, கையிலிருந்த கூடையை மறுகைக்கு மாற்றிக்கொண்டார். "முதல்ல நம்ம ஆளைப் பிடிப்போம். இந்த வருஷம் அவனுக்குத் தாத்தா வேஷம் கிடையாது. சிவப்பு உடுப்பு குழுவோட சொத்து. இப்பவே போய் வாங்கிட்டு வரலாம், வா."

மார்லீன் திகைத்துத் திரும்பினாள். தீயணைப்பு வண்டியின்மேல் நின்று மணியடித்துக்கொண்டு வரும் கிறிஸ்துமஸ் தாத்தா, அந்த ஊர்க் குழந்தைகளுக்கு எப்போதும் டெஸ் ஹென்ஸ்லிதான்.

"பாவம் நோலா. வேலி கட்டற வேலையை விட்டதிலேருந்து அவருக்கு இருக்கறதே அந்த ஒரு நாள்தான். அதுக்காகத்தானே வருஷம் பூராவும் தாடி வளர்க்கிறாரு?"

"நல்லா வளர்க்கட்டும். வேலியில காயப்போடட்டும்."

டெஸ்ஸின் வீடு மன்றத்துக்கு நேரெதிரே இருந்தது. பனியன் அணிந்து, வராந்தாவில் அமர்ந்து அவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். சுவரில் ஏணி சாய்ந்திருந்தது.

"தாடியில என்ன டெஸ்?"

டெஸ் தடவிப் பார்த்தார். "கம்பளி."

"யாரோட கம்பளி?"

"உன்னோடதுதான். பச்சையைத் தின்னாலும் எந்த ஆட்டுக்கும் பச்சையா முடி முளைக்காதே."

மார்லீன் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். நோலாவுக்கு எரிச்சல் தலைக்கேறியது.

"கூட்டத்துல என்ன கேட்டே? நாப்பது டிகிரி வெயில்ல மரத்துக்கு எதுக்குக் கம்பளின்னு கேட்டே. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அது பத்தலையா உனக்கு? பிச்சும் போடணுமா?"

"நான் பிக்கல, தாயே. கட்டத்தான் செஞ்சேன். தினமும் காலையில ஏறிக் கட்டிட்டு இறங்கறேன். எனக்குத் தெரிஞ்சது அந்த ஒரு முடிச்சுதான்."

"அப்ப பிக்கிறது யாரு?"

டெஸ் வாயைத் திறந்தார். மார்லீனைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"யாருன்னு கேட்டேன்."

"தெரியும். ஆனா சொல்றதுக்கில்ல."

"கேட்டியா மார்லீன்? தெரியுமாம், சொல்ல மாட்டாராம். உடுப்பை எடுத்துட்டு வா டெஸ். சனிக்கிழமை வேற யாராவது தாடி ஒட்டிக்கிட்டு வண்டியில ஏறட்டும்."

டெஸ் கோப்பையைக் கீழே வைத்தார். வாதாடவில்லை. உள்ளே சென்று சிவப்பு உடுப்பைக் கொண்டுவந்தார். துவைத்து, தேய்த்து, மடித்து ஏற்கெனவே ஆயத்தமாக இருந்தது. அவர் முகத்தைப் பார்க்க மாட்டாத மார்லீன், அதை வாங்கிக்கொண்டு வேகமாகப் படியிறங்கினாள்.

"பூட்ஸ்?" என்றார் நோலா.

அதையும் கொண்டுவந்து கொடுத்தார். பளபளவென்று மெருகேற்றியிருந்தது. மார்லீன் தெருவைக் கடக்கும்வரை காத்திருந்தவர், குரலைத் தாழ்த்தினார்.

"நோலா, பிக்கிறது வெள்ளைக் கொண்டைக்கிளிங்க. பொழுது விடிஞ்சதும் உச்சியில உக்காந்து நூலை உருவுதுங்க. அதுல ஒண்ணுக்கு வலது கால்ல ஒரு விரல் இல்ல."

கூடையின் பிடியில் நோலாவின் விரல்கள் இறுகின.

"உருவி முடிச்சதும் நேரா உன் வராந்தாவுக்குத்தான் பறக்குதுங்க, நீ போடற சூரியகாந்தி விதைக்கு. நகரசபைக்காரியை வச்சுக்கிட்டு அதை எப்படிச் சொல்றது? தெரிஞ்சா நிறுத்தச் சொல்லிடுவா. உன் வீட்டுக்காரர் போனப்புறம் உன்னைத் தேடி வர்றது அதுங்க மட்டும்தானே."

நோலாவின் கையில் பூட்ஸ் கனத்தது.

"கிடைச்சுதா நோலா?" என்று தெருவுக்கு அந்தப் பக்கமிருந்து மார்லீன் கூவினாள்.

நோலா குனிந்து, பூட்ஸை டெஸ்ஸின் காலருகே ஜோடி சேர்த்து வைத்தார்.

"உடுப்பைத் திருப்பிக் கொண்டா மார்லீன். அது டெஸ்ஸோடது."

"அப்ப மரத்தைப் பிச்சது யாரு?"

கூடையின் அடியிலிருந்து விதைப் பொட்டலத்தை எடுத்து, அவளுக்குத் தெரியும்படி உயர்த்திப் பிடித்தார் நோலா.

"என் வீட்டு விருந்தாளிங்க."