மதுரை – டொராண்டோ, பதினெட்டு நிமிடம்

“பூமியில் தூரம் என்பதே ஒழிந்துவிட்டது” என்று மதுரையில் மாமனார் வீட்டு விருந்தில் செழியன் அறிவித்தான். டொராண்டோவிலிருந்து புது ராக்கெட் விமானத்தில் அவன் வந்து சேரப் பதினெட்டே நிமிடம். பழைய விமானத்தில் ஒருநாள் முழுக்கப் பறந்து வந்திருந்த சகலையிடம், “ஏன் சகல, மாட்டுவண்டி கிடைக்கலையா?” என்றான்.

மறுவாரம் டொராண்டோவில் சண்டை. “எங்கப்பா வீட்டுக்குப் போறேன்” என்று மனைவி வாசுகி கிளம்பினாள். கண்ணீர் காயுமுன் மதுரை போய்ச் சேர்ந்தாள். இங்கே சோறு ஆறுமுன் மாமனார் வாசலில் நின்றார்.

“எம் பொண்ணையாடா வெளிய போன்னு சொன்ன?”

“நீங்களும் போங்க!”

அன்று மாலை வாசுகி போனில், “கிளம்பி வா, நம்ம கல்யாணத்த அத்துவிட்டுரலாம்” என்றாள்.

விமான நிலையத்தில் செழியன் அந்தப் பழைய விமானத்துக்கு டிக்கெட் கேட்டான்.

“ஒருநாள் ஆகுமே சார்?”

“பரவால்ல” என்றவன் குரலைத் தாழ்த்தி, “வழியில எங்கயாச்சும் நிக்குமா?” என்றான்.