ஆயிரம் பாட்டு மைனா

கருக்காயி என்ற எருமைக்குப் பாட்டுக் கேட்டால்தான் அசைபோடவே வரும். ஒரு மாசம் அக்கரையில் மேய்ச்சல் என்றதும், கூடவே வந்து பாட ஆள் தேடினாள்.

"எனக்குத் தெரிஞ்சது ஒரே பாட்டு. ஆனா தீனி கேக்கமாட்டேன்க்கா" என்றது தவளை.

"ஒத்தப் பாட்டை வெச்சு ஒரு மாசம் ஓட்டுறதா? போடா!"

ஆயிரம் பாட்டு தெரிந்த மைனாவை முதுகில் ஏற்றிக்கொண்டாள். மைனாவின் தீனிக்குப் பாட்டுக்கொரு வெட்டுக்கிளியை அவள் புல்லிலிருந்து கிளப்பிவிட வேண்டும் என்று பேச்சு.

"எதைப் பாடட்டும்க்கா?"

கருக்காயி ரொம்ப நேரம் யோசித்தாள். "அந்தத் தவளைப் பய பாடுவானே, அதைப் பாடேன்."

மாசம் முழுக்க அதே பாட்டு. வெட்டுக்கிளி கிளப்பியே அவளுக்குக் கால் ஓய்ந்தது.

கடைசி நாள் மைனா கெஞ்சியது: "மிச்சப் பாட்டெல்லாம் அப்படியே கெடக்குதேக்கா!"

"கெடக்கட்டும்டி. அதெல்லாம் இல்லாம எப்படி நிம்மதியா இதையே கேக்குறது?"