மூன்று விநாடி

நிலவுச் சுரங்கத்தில் வேலை பார்க்கும் கணவன் ரொசாரியோவின் பதிலுக்கு மூன்று விநாடி காத்திருப்பது ஜெசிந்தாவுக்குப் பழகிப்போயிருந்தது. தூத்துக்குடியிலிருந்து சிக்னல் போய்த் திரும்ப அவ்வளவு நேரம் பிடிக்கும்.

அன்று, “சாப்டாச்சா?” என்று அவள் கேட்ட உடனே, “ஆச்சு” என்றான்.

“என்ன, பதில் உடனே வருது? எங்க இருக்கிய?”

மூன்று விநாடி மௌனம். “எங்கயா? நிலாவுலதான். லைன்ல ஏதோ கோளாறு” என்றான்.

அதன்பிறகு ஒவ்வொரு பதிலும் தாமதமாகவே வந்தது. கோளாறு அதற்குள் சரியாகிவிட்டதா என்று அவளுக்குச் சந்தேகம் கூடியது.

“ஏங்க, பாப்பா மாடிப்படியில விழுந்துட்டா! பேச்சு மூச்சில்ல!” என்று திடீரென்று அலறினாள்.

“ஐயோ! தூக்காத, இந்தா வாரேன்!” என்று அந்தக் கணமே கத்தினான்.

பாப்பா பள்ளிக்கூடத்தில் பத்திரமாக இருந்தாள். ஜெசிந்தா வாசல் கதவைத் திறந்துவைத்துவிட்டு, தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.