இரண்டு பச்சை மட்டை

கைலாசம் அண்ணாச்சி கேட்டைத் திறக்கவில்லை. உள்ளே நின்றபடியே என்ன என்று தலையை மட்டும் ஆட்டினார்.

வடகரையில் தென்னந்தோப்புகளுக்குக் கேட் வந்தது போன வருஷம்தான். தேங்காய் எண்ணெய் விலை ஏற ஏற ஒவ்வொன்றாக வந்தது. முதலில் முள்கம்பி, அப்புறம் நாய், அப்புறம் கேமரா. அண்ணாச்சி தோப்பில் மூன்றுமே இருந்தன. நாய் என்னைப் பார்த்து விடாமல் குரைத்தது. எத்தனையோ வருஷம் இந்த மரங்களில் ஏறித் தேங்காய் வெட்டியவன் நான்.

"ஒரு துட்டி வீட்டுக்கு ரெண்டு பச்சை மட்டை வேணும் அண்ணாச்சி," என்றேன்.

கூட வந்த பெஞ்சமினும் என்னைப் போல மரம் ஏறுகிறவன்தான். பைக்கை விட்டு இறங்கியதும் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான். பாடைக்கு மட்டை கேட்கப் போனால் அப்படித்தான் நிற்க வேண்டும். மட்டை இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சண்டைக்காரன் தோப்பில்கூட வெட்டிக்கொள்ளலாம். அதற்கு விலையும் கிடையாது, ஏறுகிறவனுக்குக் கூலியும் கிடையாது.

அண்ணாச்சி மட்டையைப் பற்றிப் பேசவில்லை. என்னைப் பற்றிப் பேசினார்.

புனலூர்க்காரன் கூடுதலாகக் கொடுக்கிறான் என்றதும் மலையைத் தாண்டி ஓடினவன்தானே நீ என்றார். இங்கே காய் நெற்றாகி விழுந்து முளைத்துக் கிடந்ததே, அப்போது எங்கே போனாய் என்றார்.

ஓடினேன்தான். எண்ணெய் விலை இரண்டு மடங்கு ஆன பிறகும் இவர் பழைய கூலியைத்தான் நீட்டினார். ஏற்றிக் கொடுங்கள் என்றதற்கு, மரம் வளர்ந்துவிட்டதா என்று கேட்டுச் சிரித்தார். நான் போனதும் மரம் ஏறும் மிஷின் ஒன்று வாங்கினார். அது பாதி மரத்தில் மாட்டிக்கொண்டது. அதை இறக்கவும் எனக்குத்தான் போன் போட்டார்.

நான் ஒருவனா ஓடினேன்? செங்கோட்டையில் எங்கள் தெருத் தையல்காரர் மிஷினை மூடிவைத்துவிட்டுக் கொப்பரைக் களத்தில் தேங்காய் உடைக்கிறார். ஓட்டலில் இரண்டாம் தடவை தேங்காய்ச் சட்னி கேட்டால் முறைக்கிறார்கள். ஊரே தலைகீழாகிக் கிடக்கிறது. என் ஒருவன் கால் மட்டும் இவர் தோப்பில் கட்டிக் கிடக்க வேண்டுமாம். வந்த காரியத்தை நினைத்து, அவிழ்த்த தலைத்துண்டை நானும் கையிலேயே வைத்திருந்தேன்.

"செங்கோட்டைல தென்னையே இல்லையாலே? இம்புட்டு தூரம் வந்து எங்கிட்டயா கேக்குதிய?" என்றார் அண்ணாச்சி.

பெஞ்சமின் என்னைப் பார்த்தான். நான் அண்ணாச்சியின் வாயைப் பார்த்தேன். இன்னும் ஒரே ஒரு வார்த்தை கேட்பார் என்று நினைத்தேன்.

கேட்கவில்லை. பச்சை மட்டையை வெட்டினால் அந்த இடுக்கில் வருகிற பாளை போய்விடும், பாளை போனால் ஒரு குலை போச்சு என்று எனக்கே பாடம் எடுத்தார். அது உண்மைதான். எனக்குத் தெரியாததா? இன்றைக்கு விற்கிற விலையில் செத்தவன் எவனோ, அவனுக்காக என் குலையைக் கொடுக்கணுமா என்றார்.

பிறகு வேலி ஓரம் விழுந்து கிடந்த காய்ந்த மட்டையைக் காலால் காட்டினார்.

"அத இழுத்துட்டுப் போ. போறவனுக்கு எதுல போனா என்ன?"

காய்ந்த மட்டையில் பாடை கட்டினதாக எந்த ஊரிலும் நான் கேள்விப்பட்டதில்லை. பெஞ்சமின் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் அவன் கையைப் பிடித்து அமுக்கினேன். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வண்டியை எடுத்தேன். அண்ணாச்சி நாயைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போனார்.

பாடைக்கு மட்டை விடிந்ததுமே செங்கோட்டையில் வந்து இறங்கிவிட்டது. பெஞ்சமினின் மச்சான் தோப்பில் வெட்டியது. வேண்டிய மட்டும் கிடக்கிறது.

எங்கள் பக்கம் கட்டிக்கொடுத்த பெண் இறந்தால், பிறந்த வீட்டில் போய் எடுத்த எடுப்பில் செத்துப்போனாள் என்று சொல்ல மாட்டோம். இரண்டு பேராகப் போய்ப் பச்சை மட்டை கேட்போம். யாருக்கு என்று கேட்பார்கள். அப்போது பேரைச் சொல்வோம். மட்டை கேட்டு யாருக்கு என்று கேட்காத ஆளை நான் இன்றைக்குத்தான் பார்த்தேன்.

இறந்தது உலகம்மாள். கைலாசம் அண்ணாச்சியின் ஒரே தங்கச்சி, செங்கோட்டையில் கட்டிக்கொடுத்தது. அவள் தோப்பில் பங்கு கேட்ட நாளிலிருந்து அந்த வீட்டுப் போனை அவர் எடுப்பதில்லை. அதனால்தான் அவள் புருஷன் எங்களை அனுப்பினார்.

வடகரை எல்லை தாண்டியதும் பெஞ்சமின் பின்னாலிருந்து என் தோளை உலுக்கினான்.

"வண்டியத் திருப்புண்ணே. அண்ணன் வந்து கோடித்துணி போடாம அந்தம்மா பாடைய எடுக்க மாட்டாவ."

அது எனக்கும் தெரியும். உலகம்மாள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. எல்லாம் தெரிந்துதான் வண்டியைத் திருப்பாமல் ஓட்டினேன்.