கமரா கிடக்கட்டும்

“கமரா கிடக்கட்டும் அப்பா. விசிறியையும் கீபோர்டையும் மட்டும் பாருங்கோ, காணும்.”

காலையில் படிப்பிக்கப் போகும்போது ஜெயரூபி இப்படிச் சொல்லிவிட்டுத்தான் சைக்கிளில் ஏறினாள். அவளுடைய புது லப்டொப் போன கிழமை செத்துப்போனது. பிள்ளைகளின் தவணைப் புள்ளிகளை ஏற்ற வேண்டும் என்று, ஒன்பது வருடமாகத் தன் அலுமாரிக்குள் கிடந்த பழையதை எடுத்து அப்பாவின் மேசையில் வைத்திருந்தாள்.

மயில்வாகனத்துக்குக் ‘கிடக்கட்டும்’ என்ற சொல் ஒத்துவராது.

முள்ளியவளையில் அவர் கை படாத தண்ணீர்ப் பம்பு இல்லை. தோட்டக்காரர்கள் கைவிட்டதைக்கூடக் கழற்றிப் பூட்டி, ஓடவைத்து, அதன் நெற்றியில் ஒரு பொட்டும் வைத்துத்தான் திருப்பிக் கொடுப்பார். பம்புக்கு ஏது நெற்றி என்று கேட்டுச் சிரிப்பவர்களுக்கு அவரிடம் பதில் இருந்தது. மேலே, நடுவில் எது இருக்கிறதோ அதுதான் நெற்றி.

மத்தியானத்துக்குள் விசிறி சுற்றியது. உள்ளே இருந்து ஒரு பிடி தூசியும் இரண்டு பல்லிமுட்டைக் கோதும் வந்தன. கீபோர்டில் ஒட்டிக்கொண்டிருந்த எழுத்துகளும் ஒவ்வொன்றாக வழிக்கு வந்தன.

மிச்சம் கமராதான்.

அந்தக் கமராவோடு அவருக்குப் பழைய கோபம் ஒன்று இருந்தது. உண்மையைச் சொன்னால், கோபம் கமராவோடு இல்லை, மகளோடு.

கனடா மாப்பிள்ளை வீட்டார் இந்த லப்டொப்பில்தான் பெண் பார்த்தார்கள். அப்போது வீட்டில் இருந்தது பட்டன் போன். நல்ல நேரம் பார்த்து, சேலை உடுத்தி, ஜெயரூபியை இதற்கு முன்னால் இருத்தினார்கள். சொந்தபந்தமெல்லாம் கதிரை போட்டுச் சுற்றி இருந்தது. மாப்பிள்ளையின் முகம் இங்கே பளிச்சென்று தெரிந்தது. இங்கிருந்து அங்கே போனது வெறும் இருட்டு.

பிள்ளையைக் காட்டுங்கோ, பிள்ளையைக் காட்டுங்கோ என்று மாப்பிள்ளையின் தாய் கேட்டுக் களைத்துவிட்டார். கடைசியில், பிள்ளைக்கு விருப்பமில்லைப் போல, கமராவை மூடிப்போட்டு இருக்கிறா என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்துவிட்டார். அடுத்த மாதமே அந்த மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் கலியாணம் முற்றாகிவிட்டது.

“வேண்டாமெண்டால் வாயால சொல்லியிருக்கலாமே. சபைக்கு நடுவில என்ர மூக்கை அறுத்துப்போட்டியே!”

அத்தனை பேருக்கும் முன்னால் அவர் கத்தினார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, பிறகும் சொல்லவில்லை. அந்த மௌனத்தைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே அவர் எடுத்துக்கொண்டார்.

அத்தோடு விட்டாரா? அரிசி ஆலையில் சொன்னார். தேத்தண்ணிக் கடையில் சொன்னார். பம்பு திருத்தப் போன தோட்டமெல்லாம் சொன்னார். சில நாள் பகிடியாக, சில நாள் வயிற்றெரிச்சலாக. கமராவை மூடின பெட்டை என்ற பெயர் அவர் சைக்கிளைவிட வேகமாக ஊரைச் சுற்றியது. தரகர்கள் படலையைத் திறப்பதை விட்டுவிட்டார்கள்.

ஜெயரூபிக்கு இப்போது முப்பத்தெட்டு வயது.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையின் மேல் விளிம்பைப் பார்த்தார். நடுவில் ஒரு துண்டுக் கறுப்பு ரேப் ஒட்டியிருந்தது. அவருடைய சாமான் பெட்டியில் இருக்கிற, வயருக்குச் சுற்றுகிற அதே ரேப். விளிம்பும் கறுப்பு என்பதால் தடவிப் பார்த்தால்தான் தெரிந்தது.

பார், நான் சொன்னது சரிதானே என்று அவருக்குள் ஏதோ துள்ளியது. இத்தனை வருடமாக ஊருக்குச் சொன்னதற்கு இதோ கையும் களவுமாகச் சாட்சி. மகளைப் பிடித்துக் கொடுத்ததில் என்ன சந்தோஷமோ, மனிதருக்கு!

நகத்தால் கிளப்பி ரேப்பை உரித்தார்.

கீழே, கமராவின் கண்ணை மூடிக்கொண்டு, மஞ்சளாக ஏதோ காய்ந்து கிடந்தது. கொஞ்சம் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனார். மணம் எப்போதோ போய்விட்டது. ஆனாலும் அவருக்குத் தெரியாத பொருளா அது.

சந்தனம்.

பெண் பார்த்த அன்று விடியப் பிள்ளையார் கோயிலுக்குச் சைக்கிள் மிதித்துப் போய் வாங்கி வந்தது. நல்ல காரியம் நடக்கப்போகிற சாமான் என்று, ஒருவரும் வந்து சேர முதலே, மோதிர விரலால் தொட்டு, மேலே, நடுவில், அவரே வைத்தது. சுரண்டாத பாதியில் அவருடைய விரல் ரேகை அப்படியே இருந்தது.

அவள் இதை எப்போது கண்டிருப்பாள்? கத்தல் ஓய்ந்து, எல்லோரும் எழும்பிப் போனபிறகு, மூடியைச் சாத்தும்போதா? அப்போதே கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். ஊர் அவரைப் பார்த்துச் சிரித்திருக்கும். அவள் ரேப்பில் ஒரு துண்டு வெட்டி ஒட்டி, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறாள்.

ஈரத்துணியால் துடைத்துக் கமராவைப் போட்டார். திரையில் ஒரு கிழவனின் முகம் வந்தது. பாவி, என்று அதைப் பார்த்துச் சொன்னார்.

படலை திறந்தது. ஜெயரூபி உள்ளே வந்து, உரித்துப் போட்டிருந்த ரேப்பைப் பார்த்தாள். மஞ்சள் பிடித்த துணியைப் பார்த்தாள்.

பிறகு சாமியறைக்குள் போய்ச் சந்தனக் கிண்ணத்தை எடுத்து வந்து அவருக்கு முன்னால் வைத்தாள். திருத்தி முடித்த எதையும் பொட்டு வைக்காமல் அவர் கொடுக்கமாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

“இந்த முறை கொஞ்சம் தள்ளி வையுங்கோ அப்பா.”