ஐந்து கால் குதிரை

ஜன்னல் வெயில் மேசை முழுக்கக் கொட்டிக்கிடக்கிறது. விளம்பரப் பலகை எழுதிப் பேர் வாங்கிய மனிதர், ஆறு வயது மகளின் பள்ளிப் போட்டிக்குக் குதிரை வரைந்துகொண்டிருக்கிறார், இடது கையால். அப்போதுதான் குழந்தை வரைந்த மாதிரி இருக்குமாம். நாக்கை வேறு துருத்திக்கொள்கிறார். வாசற்படியில் சாய்ந்து நிற்கும் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. முகத்தைப் பார், மலையைப் புரட்டுகிறவர் மாதிரி! மகள் கைகட்டி உட்கார்ந்திருக்கிறாள். காலையில் அவளே வரைந்து நீட்டிய குதிரை, அவருடைய டீ டம்ளருக்கு அடியில் நாலு காலோடு நனைந்துகொண்டிருக்கிறது. “அஞ்சு கால் போட்டிருக்கேன் பாரு, அசல் சின்னப்புள்ள வேலை!” என்று அவர் தாளைத் தூக்கிக் காட்டுகிறார். மகள் எட்டிப் பார்க்கிறாள், ஒவ்வொன்றாக எண்ணுகிறாள். “அதுல என் பேரை மட்டும் எழுதிடாதப்பா.”